அப்பா மறைத்த பதக்கம்... நாடே கொண்டாடிய புகைப்படம்!

போரிலிருந்து திரும்பிய அப்பா கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவர் இறந்த பிறகு மகன் தேடிப் போனார். தேடியது புத்தகமானது, சினிமாவானது. 16 ஆண்டுகள் கழித்து அந்தக் கதையின் நடுப்பக்கமே மாறிப்போனது!

பிப்ரவரி 23 நெருங்கினால் போதும், அந்த வீட்டில் டெலிபோன் மணி அடிக்க ஆரம்பித்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் ஆண்டிகோ என்ற சின்ன ஊர். அழைப்பது ஏதாவது ஒரு பத்திரிகையாக இருக்கும். போனை எடுக்கும் பிள்ளைகள், அப்பா சொல்லிக்கொடுத்த பதிலை அப்படியே ஒப்பிப்பார்கள். அப்பா கனடாவுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார்!

அப்பா எங்கேயும் போயிருக்க மாட்டார். அவருக்குப் பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் பெயர் ஜான் பிராட்லி. ஊரில் இறுதிச்சடங்கு நிலையம் நடத்தியவர். எட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன். வெளியுலகத்துக்கோ அவர் வேறு ஆள். 20-ம் நூற்றாண்டில் மிக அதிகமாக அச்சிடப்பட்ட புகைப்படங்களில் ஒன்றில் இருக்கும் ஆறு பேரில் ஒருவர். அப்படித்தான் 71 ஆண்டுகள் உலகம் நம்பியது.

ஒரு நொடிகூட இல்லாத ஒரு படம்

1945 பிப்ரவரி 19. ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க மரைன் படை இறங்கியது. கறுப்பு எரிமலை மணல், தரைக்கு அடியில் சுரங்கங்கள், சுரங்கங்களுக்குள் ஜப்பானிய வீரர்கள். 36 நாள் நடந்த சண்டையில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் சுமார் 6,800 பேர் இறந்தார்கள். தீவைக் காத்து நின்ற ஜப்பானியர்கள் ஏறக்குறைய 21,000 பேர். சண்டை ஓய்ந்தபோது அவர்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் சில நூறு பேர்தான்.

சண்டை தொடங்கி ஐந்தாம் நாள், பிப்ரவரி 23. தீவின் தெற்கு முனையில் இருக்கும் சுரிபாச்சி மலை உச்சியில் அமெரிக்கக் கொடி ஏறியது. காலையில் ஏற்றிய முதல் கொடி சிறியது. தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்று அதை இறக்கிவிட்டுப் பெரிய கொடி ஒன்றை ஏற்றினார்கள். அந்த இரண்டாவது கொடி ஏறும்போது அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் ஜோ ரோசன்தால் கேமராவைத் தட்டினார். ஆறு பேர் சேர்ந்து ஒரு கம்பத்தைத் தூக்கி நிறுத்தும் அந்தப் படம் இரண்டே நாளில் அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு புலிட்சர் பரிசும் வாங்கியது. தபால்தலை ஆனது. 1954-ல் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் பிரமாண்ட வெண்கலச் சிலையாக எழுந்து நின்றது.

ஆறு பேரின் முகமும் படத்தில் சரியாகத் தெரியாது. ஒருவர் முதுகு, ஒருவர் கை, ஒருவர் ஹெல்மெட். ஆனால் நாட்டுக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. போர்க் கடன்பத்திரம் விற்க வேண்டும், அதற்கு நாயகர்கள் வேண்டும். ஆறு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அதில் மூன்று பேர் அதற்குள் தீவிலேயே இறந்திருந்தார்கள். மிஞ்சிய மூவரில் ஒருவர் ஜான் பிராட்லி. காயம்பட்டு சிகிச்சையில் இருந்த அவரையும் ஊர் ஊராக மேடை ஏற்றினார்கள். அந்தக் கடன்பத்திரத் திட்டத்துக்கு வைத்த இலக்கு 1,400 கோடி டாலர். வசூலானது 2,600 கோடி டாலருக்கும் மேல்!

கடற்படைக்காரர்... ஆனால் கப்பலில் இல்லை

பிராட்லி மரைன் அல்ல, கடற்படை ஆள். தரைச் சண்டையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால் கடற்படையில் சேர் என்று அவருடைய அப்பா சொன்ன யோசனைப்படி 1943-ல் சேர்ந்தவர்.

ஆனால் அப்பாவின் கணக்கு தப்பியது. மரைன் படைக்கென்று தனி மருத்துவப் பிரிவு கிடையாது. அவர்களுக்கு முதலுதவி செய்வது கடற்படை அனுப்பும் மருத்துவ உதவியாளர்கள்தான். அப்படி மரைன்களுடன் அனுப்பப்பட்ட பிராட்லி, இவோ ஜிமாவின் மணலில் போய் இறங்கினார். கையில் மருந்துப் பை. காதில் விழுவதெல்லாம் அடிபட்டவர்களின் கூக்குரல்.

வீடு திரும்பியதும் கல்யாணம், குழந்தைகள், தொழில். முதல் சில ஆண்டுகள் தூக்கத்தில் அழுதார் என்று மனைவி பின்னாளில் சொன்னார். பிள்ளைகள் விடாமல் கேட்டால், திரும்பி வராதவர்கள்தான் நாயகர்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். தீவில் அவருக்கு நெருக்கமான நண்பர் ஒருவர் ஜப்பானியர்களிடம் சிக்கினார். பிறகு அவர் உடலைத்தான் பார்க்க முடிந்தது. அதை மறக்க முயன்றுகொண்டே இருப்பதாக மகனிடம் ஒருமுறை சொன்னதோடு சரி.

1994 ஜனவரியில், 70 வயதில் ஜான் பிராட்லி இறந்தார்.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

அவர் இறந்த பிறகு, பத்திரமாக எடுத்து வைத்திருந்த சில பெட்டிகள் குடும்பத்தின் கைக்கு வந்தன. அப்போதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. அப்பா நேவி கிராஸ் பதக்கம் பெற்றவர்! போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்காக அமெரிக்கக் கடற்படை தரும் விருதுகளில் இரண்டாவது பெரியது அது. அரை நூற்றாண்டாக ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை.

எதற்காகப் பதக்கம்? கொடிக்காக அல்ல. கொடி ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 21-ல் நடந்த ஒரு சம்பவத்துக்காக.

பதக்கத்தோடு தரப்படும் சான்றுரை அதைச் சொல்கிறது. வெட்டவெளியில் ஒரு மரைன் அடிபட்டு விழுகிறார். இரண்டு பக்கமும் மெஷின்கன், மேலே மோர்ட்டார் குண்டுகள். பிராட்லி அந்த நெருப்புக்குள் ஓடுகிறார். உதவிக்கு வர எழுந்தவர்களைக் கையைக் காட்டி அங்கேயே நிறுத்துகிறார். துப்பாக்கி ஒன்றை மணலில் செங்குத்தாக நட்டு, அதில் ரத்த பிளாஸ்மா பாட்டிலைக் கட்டுகிறார். தன் உடம்பையே அடிபட்டவருக்கு மறைப்பாக்கிக் கட்டுப் போடுகிறார். பிறகு அவரை 30 கஜ தூரம் இழுத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்கு வருகிறார். அப்போது பிராட்லிக்கு வயது 21.

பெட்டிகளில் இருந்து வெளிவந்த இன்னொரு காகிதம், 1945 பிப்ரவரி 26 தேதியிட்ட கடிதம். தீவிலிருந்து தன் பெற்றோருக்கு எழுதியது. கொடி ஏற்றியதில் தனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, தன் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான தருணம் அது என்று அதில் எழுதியிருந்தார்.

மகன் ஜேம்ஸ் பிராட்லிக்கு இது போதுமானதாக இருந்தது. தேடத் தொடங்கினார். படத்தில் இருந்த மற்ற ஐந்து பேரின் ஊர்களுக்கும் போன் போட்டார். உறவினர்களைக் கண்டுபிடித்தார். உயிரோடு இருந்த வீரர்களிடம் பேசினார். 1998-ல் அம்மாவையும் சகோதரர்களையும் அழைத்துக்கொண்டு இவோ ஜிமா தீவுக்கே போய்வந்தார். 2000-ல் ரான் பவர்ஸ் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து 'ஃபிளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' புத்தகத்தைக் கொண்டுவந்தார். அமோக விற்பனை. 2006-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைப் படமாக எடுத்தார்.

பேசாத அப்பாவை மகன் பேச வைத்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பேன்ட் மடிப்பு சொன்ன ரகசியம்

2014-ல் அமெரிக்காவின் ஒமாஹா நகரப் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. ஸ்டீபன் ஃபோலி அயர்லாந்துக்காரர். எரிக் கிரெல் ஒமாஹாவைச் சேர்ந்தவர். இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்ல, ஆர்வத்தால் வரலாறு படிப்பவர்கள். அன்று மலை உச்சியில் எடுத்த மற்ற படங்களையும் வீடியோ காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடை உடையாக, பொருள் பொருளாக ஒப்பிட்டார்கள்.

அன்றைய மற்ற படங்களில் பிராட்லி பேன்ட்டின் கீழ்ப்பகுதியை மடித்துவிட்டிருக்கிறார். கொடிப் படத்தில் பிராட்லி என்று சொல்லப்படுபவரின் பேன்ட்டில் மடிப்பு இல்லை. மற்ற படங்களில் பிராட்லியின் இடுப்பில் மருந்துப் பை. கொடிப் படத்தில் இருப்பவரின் இடுப்பில் கம்பி வெட்டும் கருவி. மருத்துவ உதவியாளருக்குக் கம்பி வெட்டும் கருவி எதற்கு?

முதலில் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் கேள்வி அடங்கவில்லை. மரைன் படை ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 2016 ஜூன் 23-ல் முடிவை அறிவித்தது. புகழ்பெற்ற அந்தப் படத்தில் ஜான் பிராட்லி இல்லை!

பிராட்லி என்று நினைத்த உருவம், ஆறு பேரில் ஏற்கெனவே பெயர் இருந்த ஃபிராங்க்ளின் சௌஸ்லி. சௌஸ்லி என்று நினைத்த உருவம் ஹரால்ட் ஷுல்ட்ஸ். அவருடைய ஹெல்மெட்டிலிருந்து தொங்கிய வார்தான் அவரை அடையாளம் காட்டிக்கொடுத்தது. ஷுல்ட்ஸ் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் தபால் துறையில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவர். சாப்பாட்டு மேஜையில் வளர்ப்பு மகளிடம் ஒரே ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னதோடு சரி. 1995-ல் இறந்துவிட்டார். தன் பெயர் சரித்திரத்தில் ஏறியதை அவர் பார்க்கவே இல்லை.

இந்தப் படத்தில் பெயர் மாறுவது அது முதல் முறையும் அல்ல, கடைசி முறையும் அல்ல. 1947-லேயே ஒரு பெயர் திருத்தப்பட்டிருந்தது. 2019-ல் இன்னொரு பெயரும் மாறியது.

அப்பா பொய் சொன்னாரா?

எந்த மகனுக்கும் இந்தக் கேள்வி நெஞ்சில் முள். ஜேம்ஸ் பிராட்லி மழுப்பவில்லை. ஆதாரங்களைப் பார்த்தபின், படத்தில் இருப்பது தன் அப்பா என்று இனி நம்பவில்லை என்று 2016 மே மாதமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தான் எழுதிய புத்தகத்தின் அஸ்திவாரத்தைத் தானே ஆட்டுவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் அந்தப் பழைய கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். கொடி ஏற்றியதில் தனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்றுதான் பிராட்லி எழுதினார். எந்தக் கொடி என்று எழுதவில்லை. படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதிய தேதி பிப்ரவரி 26. படம் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தது 25-ல். தீவின் பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்கு அதன் புகழ் எட்டியிருக்க வாய்ப்பே இல்லாத நேரம்.

காலையில் ஏறிய அந்தச் சின்ன முதல் கொடி ஞாபகம் இருக்கிறதா? அதை ஏற்றியவர்களில் ஜான் பிராட்லியும் ஒருவர் என்று மரைன் படை சொல்கிறது. அப்படியானால் கடிதத்தில் அவர் எழுதியது உண்மை. அந்த வரிக்குப் பக்கத்தில் உலகப் புகழ் பெற்ற படத்தை வைத்துப் படித்தவர்கள் மற்றவர்கள்தான்.

காகிதங்கள் எங்கே இருக்கும்?

இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்த அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ள, அமெரிக்கப் பிள்ளைகள் இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தட்டும் கதவு, செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் தேசிய ராணுவப் பணியாளர் ஆவண மையம்.

இந்த மையத்துக்கு ஒரு சோக வரலாறு உண்டு. 1973 ஜூலை 12-ல் அதன் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை சாம்பலாகின. நகலும் கிடையாது, மைக்ரோஃபிலிமும் கிடையாது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 சதவிகிதம் போய்விட்டது. விமானப்படைக் கோப்புகளிலும் பெரும்பகுதி நாசம். கடற்படைக் கோப்புகள் மட்டும் அந்தத் தீயில் சிக்கவில்லை. கடற்படைக்காரரின் பிள்ளை என்றால், அந்த வகையில் அதிர்ஷ்டசாலி!

கோப்பைப் பெற, எஸ்.எஃப்-180 என்ற விண்ணப்பம் இருக்கிறது. ஆன்லைனிலும் கேட்கலாம். முழுப் பெயர், பிறந்த தேதி, பணி எண், சேர்ந்த காலம், விலகிய காலம் ஆகியவற்றைத் தர வேண்டும். பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் ஆகாத கோப்பு என்றால் முழு விவரம் சம்பந்தப்பட்டவருக்கும் அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவுகளுக்கும்தான். 62 ஆண்டுகள் தாண்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். போர் முடிந்ததும் வீடு திரும்பியவர்களின் கோப்புகள் எல்லாமே அந்த வரம்பைத் தாண்டிவிட்டன.

கோப்பில் என்ன இருக்கும்? எப்போது சேர்ந்தார், எங்கே பயிற்சி, எந்தக் கப்பல், எந்த முகாம், என்ன பதவி, என்ன பதக்கம், தண்டனை ஏதாவது உண்டா, எப்போது விலகினார் என்பதெல்லாம் இருக்கும். அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அந்த இளைஞன் எழுதிக்கொடுத்த பெயரும் இருக்கலாம். பல பிள்ளைகளைக் கண் கலங்க வைப்பது பதக்கப் பட்டியல் அல்ல, அந்த ஒரு வரிதான்.

கோப்போடு தேடல் முடிவதில்லை. ஒவ்வொரு கப்பலிலும் குறிப்பிட்ட இடைவெளியில், யார் யார் கப்பலில் இருக்கிறார்கள் என்று ஆள் பட்டியல் எடுப்பார்கள். யார் ஏறினார், யார் இறங்கினார் என்பதும் பதிவாகும். அப்பாவின் பெயரை அதில் பிடித்துவிட்டால், அடுத்தது கப்பலின் நாட்குறிப்பு. காவல் மாறும்போதெல்லாம் அதிகாரி எழுதி வைக்கும் புத்தகம் அது. கப்பல் எங்கே போகிறது, என்ன வேகம், வானிலை எப்படி, என்ன நடந்தது என்று எல்லாமே வறண்ட வரிகள். ஆனால், அப்பா எப்போதோ சொன்ன 'பெரிய புயல்' எந்தத் தேதியில் அடித்தது என்று அந்த வறண்ட வரிகள்தான் சொல்லும். தாக்குதல் அறிக்கைகளும் போர்க் குறிப்பேடுகளும் தனியாக இருக்கின்றன. இவற்றில் கணிசமானவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன.

கடற்படை என்றதும் கப்பல் பட்டியலில் மட்டும் தேடினால் பிராட்லி போன்றவர்கள் சண்டையிட்ட இடம் கண்ணில் படாது. அவர்கள் மரைன்களோடு மணலில் இருந்தார்கள். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் பணிக்கோப்பை வாங்கச் சொல்கிறார்கள். ஆள் எங்கே இருந்தார் என்பதைக் காகிதம் சொன்ன பிறகு, அங்கே என்ன நடந்தது என்று தேடப் போகலாம். வீட்டில் சொல்லப்பட்ட கதையிலிருந்து தொடங்கினால், அந்தக் கதைக்குப் பொருந்தும் காகிதம் மட்டும்தான் கண்ணில் படும்.

நிலைத்து நிற்பது எது?

ஜான் பிராட்லியின் கதையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. உலகமே பார்த்த படத்தில் அவர் இல்லை. யாரும் பார்க்காத காகிதத்தில் இருக்கிறார். படத்தை வைத்து மேடை ஏற்றினார்கள், சிலை வைத்தார்கள், தபால்தலை போட்டார்கள். அந்தப் பெருமை இப்போது வேறொருவருக்குப் போய்விட்டது. நேவி கிராஸ் சான்றுரையை யாரும் திருத்தவில்லை. மணலில் நட்ட துப்பாக்கியும், அதில் தொங்கிய பாட்டிலும், இழுத்துக்கொண்டு வந்த 30 கஜமும் அப்படியே இருக்கின்றன.

கொடியைத் தூக்க சில நொடிகள் போதும். குண்டு மழையில் ஓடுவதற்கு என்ன வேண்டும் என்பது ஓடியவருக்குத்தான் தெரியும். அவர் எதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தாரோ அதுதான் மிஞ்சியது.

ஆனால் எந்தக் கோப்பிலும் கிடைக்காத ஒன்று உண்டு. அன்று காலை எந்தக் கொடியைத் தொட்டீர்கள் என்று மகன் நேராகக் கேட்டு, அப்பா நிதானமாகப் பதில் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் அந்த ஒரு வாக்கியம். 1994 ஜனவரிக்கு முன்பு அதற்கு ஒரு சாயங்காலம் போதும். அதற்குப் பிறகு புத்தகம், சினிமா, விசாரணைக் குழு, ஹெல்மெட் வார், பேன்ட் மடிப்பு என்று இத்தனையும் தேவைப்பட்டது.

வீட்டில் பெரியவர்கள் பட்டாளத்திலோ, கப்பலிலோ, ரயில்வேயிலோ, எங்கோ தூர தேசத்து எஸ்டேட்டிலோ வேலை பார்த்திருக்கலாம். அவர்களுடைய இரும்புப் பெட்டி பரணில் இருக்கலாம். பெட்டியைப் பிறகுகூடத் திறந்துகொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது. பெரியவரிடம் முதலில் பேசிவிடுங்கள். அவர் சொல்வதை போனில் ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள், தேதியையும் சேர்த்து!